பழைய காரில் பெரிய எஞ்சின் வைக்குமுன் சேஸை விறைப்பாக்குவது எப்படி

காரைச் சமதரையில் நிறுத்தி, முன்பக்கம் ஒரு மூலையை மட்டும் ஜாக் வைத்துத் தூக்குங்கள். அந்தச் சக்கரம் தரையை விட்டு ஒரு விரல் எழும்பினால் போதும். இப்போது கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். (கை, கால் எதுவும் அடியில் போக வேண்டாம், ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போனவர்கள் கதை நல்லபடியாக முடிவதில்லை.) சற்றுமுன் சுகமாக மூடிய கதவு இப்போது இடிக்கிறதா? கதவுக்கும் தூணுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒருபக்கம் குறுகி இன்னொரு பக்கம் விரிகிறதா? அப்படியென்றால் உங்கள் சேஸ், அதாவது காரைத் தாங்கும் அடிச்சட்டம், இப்போதிருக்கிற சின்ன எஞ்சினுக்கே முறுக்கிக்கொண்டுதான் இருக்கிறது.

பெரிய எஞ்சின் வந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பழைய எஞ்சின் 150 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை) தருகிறது, ஃபர்ஸ்ட் கியர் விகிதம் 3 என்று வைத்துக்கொள்வோம். கியர்பாக்ஸைத் தாண்டி, பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டில் போவது 450. புது எஞ்சின் 400 தருமானால் அது 1,200. எஞ்சின் தன்னைத் தாங்கும் ஒருபக்க மவுண்டை அழுத்தி மறுபக்க மவுண்டைத் தூக்கப் பார்க்கும், பின்னால் லைவ் ஆக்சில் (இரண்டு சக்கரங்களையும் ஒரே கெட்டி உறையில் இணைத்துச் சுழற்றும் ஆக்சில்) இருந்தால் அது எதிர்த்திசையில் அதே அளவு முறுக்கை ஸ்பிரிங் வழியாக சேஸில் இறக்கும். நடுவில் இருக்கும் சேஸ் ஈரத்துணி மாதிரி பிழியப்படும். வளைவுகளில் வேகமாகப் போகும்போதும் மேடுபள்ளங்களிலும் வரும் முறுக்கு இதற்கு மேல்.

சேஸ் முறுக்கினால் உடனே உடைந்துவிடாது, அதனால்தான் நிறையப் பேர் கண்டுகொள்வதில்லை. ஆனால் முறுக்கும் சேஸ் ஒரு ஐந்தாவது ஸ்பிரிங், அதுவும் ஷாக் அப்சார்பர் இல்லாத ஸ்பிரிங். நீங்கள் முன்னால் கெட்டியான ஆன்டிரோல் பார் (வளைவில் கார் சாயாமல் தடுக்கும் கம்பி) போட்டாலும் அதன் வேலையில் பாதியை சேஸ் தின்றுவிடும், எதை மாற்றினாலும் கார் ஒரே மாதிரிதான் ஓடும். அப்புறம் விண்ட்ஷீல்டு மூலையில் விரிசல், கதவுத்தூண் அடியில் பெயின்ட் வெடிப்பு, எஞ்சின் மவுண்ட் பிராக்கெட் ஓரத்தில் மயிரிழைக் கீறல் என்று ஒவ்வொன்றாக வரும்.

இந்தப் பாடத்தை பெரிய கம்பெனிகளும் கற்றிருக்கின்றன. ஏசி கோப்ரா என்ற ஸ்போர்ட்ஸ் காரில் ஃபோர்டின் 7 லிட்டர் வி8 வந்தபோது, 1965 மாடலில் சேஸின் முக்கியக் குழாய்களை 3 அங்குலத்திலிருந்து 4 அங்குலமாக்கினார்கள். கேட்க ஒரு அங்குலம்தான். ஆனால் மெல்லிய குழாயில் முறுக்கு விறைப்பு விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும், சுவர்த் தடிமன் மாறாமலே 4/3 பங்கு விட்டம் கிட்டத்தட்ட 2.4 மடங்கு விறைப்பு. எடையோ மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது என்பதற்கும் உதாரணம் உண்டு. எம்ஜிபி காரில் 1973ல் ரோவரின் 3.5 லிட்டர் அலுமினிய வி8 வைத்தார்கள், அது பழைய நாலு சிலிண்டர் வார்ப்பிரும்பு எஞ்சினை விடக் கனமில்லை. அதே காரில் 1967ல் 3 லிட்டர் வார்ப்பிரும்பு ஆறு சிலிண்டர் வைத்து எம்ஜிசி என்று விற்றார்கள். அதற்காக முன்பக்க சஸ்பென்ஷனையே டார்ஷன் பார் (சுருளுக்குப் பதில் முறுக்கும் கம்பி ஸ்பிரிங்காக இருப்பது) வகைக்கு மாற்றி, தளத்தையும் திருத்த வேண்டியிருந்தது, முன்பக்கம் கனத்துக் கிடக்கிறது என்ற பழியும் ஒட்டிக்கொண்டது. "எஞ்சினைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தால் சரியாகிவிடும்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு: 2.5 மீட்டர் வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு நடுவில் உள்ள தூரம்) காரில் 250 கிலோ எஞ்சினை 50 மி.மீ. பின்னால் தள்ளினால் முன் ஆக்சிலிலிருந்து பின்னால் போவது வெறும் 5 கிலோ. அதற்காக ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள சுவர்) வெட்டுவது உங்கள் இஷ்டம்.

முதலில் அளவெடுங்கள்

இதைத்தான் யாரும் செய்வதில்லை. வெல்டிங் மெஷின் கையில் இருந்தால் கை சும்மா இருக்காது, எங்கே எட்டுகிறதோ அங்கே தகடு வைத்து ஒட்டிவிடுவார்கள். நானும் முதல் காரில் அதைத்தான் செய்தேன், 20 கிலோ இரும்பு ஏற்றிய பிறகு அதே கதவு அதே மாதிரி இடித்தது. சேஸின் தளர்ந்த இடம் வேறெங்கோ இருந்தது.

அளக்கப் பெரிய லேப் வேண்டாம். பின் சஸ்பென்ஷன் சேஸில் இணையும் இடங்களுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டு வைத்து, சேஸ் நகராமல் தரையோடோ கனமான இரும்பு பீமோடோ கட்டிவிடுங்கள். முன்பக்கம் ஸ்பிரிங் எல்லாம் கழற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் நீங்கள் அளப்பது ஸ்பிரிங்கை. முன் சஸ்பென்ஷன் இணையும் இடத்தில் குறுக்காக 2.5 மீட்டர் நீளமுள்ள கெட்டியான பெட்டிக் குழாய் ஒன்றைப் போல்ட் போட்டு, அதன் நடுவில் மட்டும் கூர்முனை ஒன்றால் தாங்கல் கொடுங்கள், ஏற்றமரம் மாதிரி. இருபக்க நுனிக்கு அடியிலும் 30 மி.மீ. இடைவெளி விட்டு ஸ்டாண்டு இருக்கட்டும், சறுக்கினால் பிடித்துக்கொள்ள.

இப்போது ஒரு நுனியில் 80 கிலோ எடை தொங்கவிட்டால் நடுவிலிருந்து 1.25 மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட 980 நியூட்டன் மீட்டர் முறுக்கு. சேஸின் இரண்டு நெடுஞ்சட்டங்களிலும் ஒரே தூரத்தில் டயல் கேஜ் (சின்ன அசைவையும் முள்ளில் காட்டும் அளவி) வைத்து, ஒன்று எவ்வளவு இறங்கியது, மற்றது எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். சட்டங்கள் 800 மி.மீ. தள்ளி இருந்து, இறக்கத்தையும் ஏற்றத்தையும் கூட்டி 14 மி.மீ. வந்தால் அது 1 டிகிரி. 7 மி.மீ. வந்தால் அரை டிகிரி, அதாவது உங்கள் சேஸ் டிகிரிக்குச் சுமார் 1,960 நியூட்டன் மீட்டர். பாடி கழற்றிய பழைய ஏணி பிரேமில் (இரண்டு நெடுஞ்சட்டங்களும் நடுவில் குறுக்குச் சட்டங்களுமாக ஏணி போல இருக்கும் சேஸ்) இப்படி ஒரு எண் வந்தால் பதற வேண்டாம். இன்றைய கார்கள் 20,000ஐச் சாதாரணமாகத் தாண்டும் என்பது தெரிந்திருந்தால் போதும், அங்கே போய்ச் சேருவது நம் குறி இல்லை. இப்போது இருப்பதைப் போல இரண்டு, மூன்று மடங்கு ஆக்கினாலே அது வேறு கார் மாதிரி ஓடும்.

எடையை முதலில் ஒரு முறை ஏற்றி இறக்கி, இணைப்புகளில் உள்ள ஆட்டத்தை எல்லாம் அடங்க விட்டு, பிறகு மூன்று முறை அளங்கள். எடையை எடுத்ததும் கேஜ் பூஜ்ஜியத்துக்குத் திரும்பாவிட்டால் எங்கோ ரிவெட்டோ போல்ட்டோ வழுக்குகிறது, அதை முதலில் கண்டுபிடியுங்கள்.

முக்கியமான வேலை இனிமேல்தான். இதே அளவை முன்னாலிருந்து பின்னால் வரை ஒவ்வொரு 300 மி.மீ.க்கும் எடுத்து, நீளத்துக்கு எதிராக முறுக்கு டிகிரியை ஒரு கட்டத்தாளில் வரையுங்கள். கோடு எங்கே செங்குத்தாக ஏறுகிறதோ அங்கேதான் சேஸ் தொய்கிறது. கோடு படுத்துக் கிடக்கும் இடத்தில் எவ்வளவு இரும்பு வைத்தாலும் அது எடைதான். நிறையப் பழைய பிரேம்களில் கோடு எகிறுவது கியர்பாக்ஸ் இருக்கும் நடுப்பகுதியில், ஏனென்றால் அங்கே குறுக்குச் சட்டமே இருக்காது, அல்லது போல்ட் போட்ட மெல்லிய தகடு ஒன்று பேருக்கு இருக்கும்.

துருவும் கோணலும்

அளவெடுக்கும்போதே ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், துரு தின்றது சொத்தையாக ஒலிக்கும். ஸ்பிரிங் ஹேங்கர், பாடி மவுண்ட், சஸ்பென்ஷன் பிராக்கெட்டுக்குப் பின்னால், இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடங்கள் எல்லாம் சந்தேகத்துக்கு உரியவை. துருப்பிடித்த தகட்டின் மேல் புதுத் தகடு ஒட்டுவது வேலையே இல்லை, வெட்டி எறிந்துவிட்டு நல்ல உலோகம் வரும் வரை போய் அங்கிருந்து சேருங்கள். மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள், இரண்டுக்கும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் முதலில் நேராக்க வேண்டும், கோணலான சேஸை விறைப்பாக்கினால் கோணல் நிரந்தரமாகிவிடும்.

ஏணி பிரேமைப் பெட்டியாக்குவது

பழைய பிரேமின் நெடுஞ்சட்டம் பெரும்பாலும் ஒருபக்கம் திறந்த, சி வடிவத் தகடு. மேலும் கீழும் வளையாமல் இருப்பதில் அது கெட்டிக்காரன், முறுக்குக்கு மட்டும் காகிதம். நீளவாக்கில் கீறிய அட்டைக்குழாயையும் கீறாத குழாயையும் கையில் முறுக்கிப் பார்த்தால் புரிந்துவிடும். 100க்கு 50 மி.மீ., 3 மி.மீ. தடிமன் என்று ஒரு சட்டத்தை எடுத்துக்கொண்டால், திறந்த நிலையில் அதன் முறுக்கு மாறிலி (வடிவம் முறுக்கை எவ்வளவு எதிர்க்கும் என்பதைக் காட்டும் எண்) சுமார் 1,750 மி.மீ. நான்காம் அடுக்கு. அந்தத் திறந்த பக்கத்தை அதே 3 மி.மீ. தகட்டால் மூடிவிட்டால் 8,66,000. கிட்டத்தட்ட 500 மடங்கு! மூடிய தகட்டின் எடை மீட்டருக்கு 2.4 கிலோதான்.

இதைப் பார்த்துவிட்டுச் சேஸ் முழுதும் 500 மடங்கு ஆகிவிடும் என்று நினைக்கக் கூடாது. அது அந்த ஒரு சட்டத்துக்கான கணக்கு. சட்டம் இரும்புத் தூணாக இருந்தாலும் குறுக்குச் சட்டம் சேரும் மூட்டு தொளதொள என்றிருந்தால் முறுக்கு அந்த மூட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் வரைபடம்.

தடிமனைப் பொறுத்தவரை சட்டத்தின் தடிமனையே வைத்துக்கொள்ளுங்கள். 6 மி.மீ. தகடு வைத்தால் உழைப்பும் எடையும் இரண்டு மடங்கு, பலன் அப்படிக் கூடாது, மெல்லிய பழைய தகட்டோடு அதை உருக்கிச் சேர்ப்பதும் தலைவலி. இன்னொரு ஆசை, குரோமோலி போன்ற உயர்ரக ஸ்டீல். உடையாமல் தாங்குவதில் அது உசத்தி, சந்தேகமில்லை. ஆனால் விறைப்பில் எல்லா ஸ்டீலும் ஏறத்தாழ ஒன்றே, 200 முதல் 210 ஜிகா பாஸ்கலுக்குள். அளவு மாறாமல் இரும்பை மட்டும் மாற்றினால் சேஸ் அதே அளவுதான் முறுக்கும். சாதாரண மைல்டு ஸ்டீல் போதும், கால்வனைஸ் செய்ததை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அந்தத் துத்தநாகப் புகை உடம்புக்கு ஆகாது.

முதலில் கெட்டி அட்டையில் அச்சு வெட்டுங்கள். தகடு சட்டத்தின் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இதழ்களுக்கு நடுவில், விளிம்பிலிருந்து 2, 3 மி.மீ. உள்ளே தள்ளி உட்கார வேண்டும், அப்போதுதான் வெல்டிங் அந்த மூலையில் நன்றாகப் படியும், பிறகு அழகுக்காகக் கிரைண்டர் வைத்து வெல்டை மொட்டையடிக்கத் தோன்றாது. மூடுவதற்கு முன் ஒரு நாள் பொறுத்திருந்து யோசியுங்கள்: பிரேக் பைப், பெட்ரோல் பைப், வயரிங் எல்லாம் எங்கே போகப் போகிறது, உள்ளே நட் தேவைப்படும் இடம் எது? மூடிய பிறகு உள்ளே ஸ்பேனர் போகாது. நட்டை முன்கூட்டியே உள்ளே வெல்டு செய்துவிடுங்கள். சட்டத்தை ஊடுருவிப் போகும் போல்ட் இருந்தால் இருபக்கச் சுவரையும் தொடும்படி குழாய்த்துண்டு ஒன்றைக் குறுக்கே வைத்து வெல்டு செய்ய வேண்டும், வெறும் பெட்டியில் போல்ட்டை இறுக்கினால் பெட்டி நசுங்கும், நசுங்குவதால் போல்ட் என்றைக்கும் இறுகாது.

வெல்டிங் செய்யும்போது பொறுமைதான் கருவி. 100 மி.மீ.க்கு ஒரு புள்ளி வைத்துத் தகட்டை நிறுத்துங்கள். பிறகு 25 மி.மீ. ஓட்டு, அடுத்தது மறுமுனையில், அதற்கடுத்தது எதிர்ச் சட்டத்தில் என்று தாவித் தாவிப் போக வேண்டும். கை வைத்துப் பார்த்தால் சூடு பொறுக்கும்படி இருக்க வேண்டும், அதுதான் அளவு. இரண்டு சட்டத்திலும் உள்பக்கம் மட்டும் சூடேறிச் சுருங்கும் என்பதால் பிரேம் வில்லாக வளையப் பார்க்கும். அதனால் பிரேமைக் கனமான பீம்களோடு கட்டிவிட்டு, குறுக்குச் சட்டங்கள் எல்லாம் இடத்தில் இருக்கும்போதே வேலை செய்யுங்கள், ஒவ்வொரு நாள் முடிவிலும் மூலைவிட்டம் அளங்கள். வெல்டு ஆழமாக இறங்குகிறதா என்று சந்தேகம் இருந்தால் அதே தடிமன் துண்டுகள் இரண்டை ஒட்டி, வைஸில் பிடித்துச் சுத்தியலால் மடக்கிப் பாருங்கள். வெல்டு பிளந்தால் இன்னும் பழக வேண்டும். சேஸ் பழகும் இடமில்லை, கை வரவில்லையென்றால் தேர்ந்த வெல்டரிடம் கொடுத்துவிடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

தகடு முடியும் இடத்தைச் சதுரமாக வெட்டிவிடாதீர்கள். விறைப்பான பகுதி சட்டென்று முடிந்து இளகிய பகுதி தொடங்கும் கோட்டில்தான் விரிசல் பிறக்கும். மீன்வால் மாதிரி வி வடிவில் உள்ளே வெட்டி, விறைப்பு படிப்படியாகக் குறையும்படி முடியுங்கள், முடிந்தால் ஒரு குறுக்குச் சட்டத்தைத் தாண்டிக் கொண்டுபோய் முடியுங்கள். தாழ்வான இடத்தில் தண்ணீர் வடிய ஒரு துளை, பெயின்ட் ஆனதும் உள்ளே மெழுகு ஸ்பிரே. இந்த இரண்டையும் மறந்தால் நீங்கள் கட்டியது ஒரு துருத்தொட்டி.

குறுக்குச் சட்டங்களில் எனக்குப் பிடித்தது எக்ஸ் வடிவம். பிரேம் முறுக்கும்போது எக்ஸின் கைகள் வளைந்தாக வேண்டும், வளைவதைத் தடுப்பதில் இரும்பு கெட்டி, அதனால் முறுக்கும் அடங்கும். நடு முடிச்சு மட்டும் கெட்டியாக இருக்க வேண்டும், மேலும் கீழும் தகடு வைத்து மூடிய முடிச்சு. கியர்பாக்ஸ் கழற்ற வழி வேண்டுமே என்றால், எக்ஸைப் பின்னால் தள்ளி வைத்து, கியர்பாக்ஸ் தாங்கியைத் தனியாகப் போல்ட்டில் வையுங்கள். குழாய்த்துண்டு பதித்த துளைகள், பக்கத்துக்கு நான்கு போல்ட் என்றால் கழற்றக்கூடிய சட்டமும் விறைப்புக்குப் பங்களிக்கும்.

தனி சேஸ் இல்லாத கார் என்றால்

பாடியே சேஸாக இருக்கும் கார்களில் விறைப்பு வருவது கதவுக்கு அடியில் ஓடும் சில் பெட்டிகள், நடுச் சுரங்கம், ஃபயர்வால், கூரை எல்லாம் சேர்ந்து. மேற்கூரை திறக்கும் காரில் அந்தக் கூரை இல்லாததால் சுமையில் பெரும்பகுதி சில் மேல் விழுகிறது. எனவே சில் துருவாக இருந்தால் வேறெதையும் யோசிக்க வேண்டாம். அதை வெட்டும் முன் கதவு வாசலுக்குக் குறுக்கே குழாய் வைத்து வெல்டு செய்துவிடுங்கள், இல்லையேல் கார் நடுவில் தொய்ந்து, புது சில் வைத்த பிறகு கதவு என்றைக்கும் மூடாது.

எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் முன், பின் குட்டிச் சட்டங்கள், அதாவது சப்பிரேம்கள், நடுவில் ஒன்றையொன்று பார்க்காமல் முடிந்துவிடும் கார்களில் இரண்டையும் பெட்டிக் குழாயால் இணைப்பதுதான் முதல் வேலை. அந்தக் குழாயைத் தளத்தோடும் வழிநெடுக விட்டுவிட்டு வெல்டு செய்தால் பலன் பல மடங்கு, இரண்டு முனையில் மட்டும் போல்ட் போட்டால் மனத்திருப்தி. கார் சஸ்பென்ஷன் இடங்களில் தாங்கி நிற்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும், நடுவில் ஜாக் வைத்துத் தூக்கிய நிலையில் வெல்டு செய்தால் அந்த வளைவையே பூட்டிவிடுவீர்கள்.

ஸ்பாட் வெல்டுகளுக்கு நடுவில் 25 மி.மீ. வெல்டு, 50 மி.மீ. இடைவெளி என்று தையல் போடுவதும் நல்ல பலன் தரும். மோதலில் நசுங்க வேண்டிய முன் நுனிப் பகுதியில் மட்டும் தையல் வேண்டாம். ஷாக் அப்சார்பரின் மேல்முனையைப் பிடிக்கும் ஷாக் டவர் இரண்டையும் இணைக்கும் நேர்கம்பி ஒன்று எல்லோரும் போடுவது. அதைவிட டவரிலிருந்து ஃபயர்வாலுக்குப் போகும் முக்கோணம் பயன் தரும். ஃபோர்டு முஸ்டாங்கிலிருந்து உருவான 1965 ஷெல்பி ஜிடி350 கூட அதைத்தான் வைத்திருந்தது, மோசமான சாலைகளுக்கு ஏற்றுமதி செய்த முஸ்டாங்குகளுக்காக ஃபோர்டு செய்த ஒற்றைத் தகட்டுத் தாங்கியை. ரோல் கேஜ் (காருக்குள் கட்டும் குழாய்க் கூண்டு) விறைப்புக்கு உச்சம், ஆனால் ஹெல்மெட் இல்லாமல் சாலையில் ஓட்டும் காரில் தலைக்குப் பக்கத்தில் இரும்புக்குழாய் என்பது சின்ன விபத்தைப் பெரிதாக்கும்.

எந்த வகைக் காரானாலும் வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், பெட்ரோல் டேங்கை வெளியே எடுத்து வையுங்கள், தளத்துக்கு மறுபக்கம் இருக்கும் கார்ப்பெட்டையும் தார்ப்பூச்சையும் சுரண்டுங்கள். எர்த் கிளாம்பை வெல்டு செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள், கரண்ட் பேரிங் வழியாகப் போனால் பேரிங் போச்சு. வேலை முடிந்து அரை மணி நேரம் அங்கேயே இருந்து எங்காவது தீ கனிகிறதா என்று பாருங்கள்.

எஞ்சின் மவுண்ட் கடைசியாக. பிராக்கெட்டைச் சட்டத்தின் ஒரு சுவரில் மட்டும் ஒட்டாமல், மேல், பக்கம், கீழ் என மூன்று முகத்தையும் பிடிக்கும் தகட்டின் மேல் வையுங்கள், குறுக்குச் சட்டம் சேரும் இடத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. ரப்பர் இல்லாமல் நேராகப் போல்ட் போட்டால் எஞ்சினே சேஸின் உறுப்பாகி விறைப்பு கூடும் என்பது உண்மைதான், ஆனால் அந்தச் சுமை எஞ்சின் பிளாக்கின் காதுகளில் விழும், உடைந்தால் போவது பிளாக். ரப்பரே இருக்கட்டும், எஞ்சின் அதிகம் சாய்ந்தால் எஞ்சினைச் சேஸோடு பிடித்து நிறுத்தும் டார்க் ஸ்ட்ராப் ஒன்று போதும். பெரிய எஞ்சினுக்கு ஏற்ற பிரேக், பின் ஆக்சில், பதிவு அலுவலகத்தில் மாற்றத்துக்கான அனுமதி எல்லாம் தனிக் கதை, ஆனால் அனுமதியை வெல்டிங் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் அதே குழாய், அதே 80 கிலோ, அதே இடங்களில் டயல் கேஜ். புதுக் கோட்டைப் பழைய கட்டத்தாளிலேயே வேறு நிறத்தில் வரையுங்கள். செங்குத்தான பகுதி படுத்திருக்க வேண்டும். வேறொரு இடத்தில் புதிதாக ஒரு மேடு முளைத்திருந்தால் பலவீனம் அங்கே இடம் மாறியிருக்கிறது, அங்கேயும் கொஞ்சம் வேலை இருக்கிறது. சேஸுக்குக் கறுப்புப் பெயின்ட் வேண்டாம், வெளிர் சாம்பல் அடியுங்கள், கறுப்பில் விரிசல் தெரியாது. 500 கிலோமீட்டர் ஓடியதும் டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் போய், தகடுகள் முடியும் மீன்வால்களையும் மவுண்ட் பிராக்கெட் ஓரங்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். சாம்பலில் செம்பழுப்பாக ஒரு மெல்லிய கோடு தெரிந்தால் அது அழுக்கு என்று துடைத்துவிட்டுப் போய்விடாதீர்கள்.